வெள்ளித்தாள் ஒட்டிய சுவர்

மகனே,

நலம் விசாரிக்கும் வரிகளை இந்தக் கடிதத்தில் தேடாதே. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுப் படியை இறங்கியவன், நானுஓயாவில் ரயில் ஏறி வட்டவளையில் இறங்கும் வரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இன்று புதன்கிழமை. கோபம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. முதல் நாள் அது முழுசாக உன் மேல்தான் இருந்தது. இப்போது பாதிக்கு மேல் என் பக்கம் திரும்பிவிட்டது. அதற்காக உனக்குச் சேர வேண்டிய பங்கைக் குறைத்துக்கொள்வேன் என்று நினைக்காதே.

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். நீ உன் ஸ்டோர் ஆட்களிடம் அதை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பாய். உன் பெண்சாதி சரோஜாவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. தாயில்லாத பிள்ளை, அதனால் பிரசவம் பார்க்கிறது நம் பொறுப்பு என்று உன் அம்மா மூன்று மாதமாகப் பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்துத் துணி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வளையலும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கந்தப்பளைக்கு வந்தோம். தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறையில் பிறந்த என் மகன் ஒரு தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்குகிற ஸ்டோரில், உதவி டீமேக்கர், அவனுக்கென்று தனிக் குவாட்டர்ஸ் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் போகுமா? வாசலில் கால் வைத்ததும் பெரிய கிளாக்கர் வீட்டம்மா சிரித்துக்கொண்டு வந்து, "உள்ள போய்ப் பாருங்க, உங்க மகன் வீட்டைப் பங்களாவா மாத்தி வச்சிருக்காரு" என்றார்கள். நான் வாயெல்லாம் பல்லாகத்தான் உள்ளே போனேன்.

பார்த்தேன். படுக்கையறையின் பின்சுவர் முழுக்க, தரையில் இருந்து மூன்றடி உயரத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை, மேலே வார்னிஷ். பலகைக்கு மேலே ரோஜாப்பூப் போட்ட சுவர்க்காகிதம். தொட்டில் கட்டப் போகிற மூலையில், தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கிற வெள்ளித்தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி, சாய்த்து ஒட்டி, முனைக்கு முனை பித்தளை ஆணி. வந்திருந்த பெண்கள் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நீ என் தோளில் கையைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய்:

"இது நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. எங்கப்பா அந்தக் காலத்துலயே லயத்துக் காம்பராவுல இதே மாதிரி ஒட்டினாரு. பத்து லயத்து ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு. நமக்கு ஒரு புள்ள பொறந்தா இதே மாதிரி செவரு வைக்கணும்னு அன்னிக்கே நெனச்சேன்."

உன் அம்மா உடனே, "ஆமா, நம்ம மல்லிகா அதைப் பாத்துப் பாத்துச் சிரிக்குமே" என்று உன் தங்கச்சியை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலருகே போய், மெத்தையின் மேல் புறங்கையை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் படுக்கையில் ஈரம் இருக்கிறதா என்று அவள் அப்படித்தான் பார்ப்பாள். உனக்கு அது அம்மாவின் ஒரு பழக்கம், அவ்வளவுதான். அது எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நான் பலகையைத் தட்டினேன். சத்தம் எழும்பவில்லை, பொத்பொத்தென்று இருந்தது. குனிந்தேன். வார்னிஷ் வாடைக்கு அடியில் அந்த இன்னொரு வாடை. பதினேழு வருஷத்துக்கு முந்திய வாடை, மூக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தாம்பாளத்தில் இருந்த பாக்குவெட்டியை எடுத்துப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினேன். ஆணியோடு ஒரு பலகை பெயர்ந்து வந்தது, ரோஜாப்பூக் காகிதம் மேலே ஒரு முழம் கிழிந்தது, வெள்ளித்தாள் தொங்கியது. யாரோ தாம்பாளத்தில் இடித்து வளையல் எல்லாம் சிமெண்டுத் தரையில் கொட்டி உடைந்தது. வளைகாப்பு அன்றைக்கு வளையல் உடைந்தால் பெண்கள் என்ன பேசுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரோஜா அழுதாள். நீ என் கையைப் பிடித்து முறுக்கி, "என்னப்பா பைத்தியமா உங்களுக்கு? நான் நல்லா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று கத்தினாய்.

அத்தனை பேர் இருந்தீர்கள். எல்லாரும் உடைந்த வளையலைப் பார்த்தீர்கள். நான் பெயர்த்த பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கேதான் என் கோபம் தொடங்குகிறது.

ரயிலில் உன் அம்மா என்னை விட்டு வைக்கவில்லை. "புள்ள ஆசையா செஞ்சு வச்சிருந்தான். உங்க பேரைச் சொல்லித்தானே செஞ்சான்? நாலு பேரு மத்தியில இப்படியா அசிங்கப்படுத்துவீங்க? புத்தி கெட்டுப் போச்சா?" என்று தலவாக்கலையில் தொடங்கி ஹட்டன் தாண்டியும் நிறுத்தவில்லை. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறாயே, அந்தப் பின்சுவருக்கு வெளிப்பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா? நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மலையை வெட்டி எடுத்த இடத்தில் கட்டிய வீடு அது. பின்பக்கம் மண் சரிந்து சரிந்து சுவரில் பாதி உயரத்துக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் வழிந்தோடக் காண் என்று ஒன்று வெட்டியிருந்த அடையாளம் இருக்கிறது, அதற்குள் பெரணிச் செடி முளைத்து மூடிக்கிடக்கிறது. மேலே இருந்து வருகிற மழைத் தண்ணீர் முழுக்க அந்தச் சுவருக்குள்தான் போகிறது. உள்ளே வந்து அது கறையாகத் தெரிந்திருக்கும். நீயும் பார்த்திருப்பாய். கறை அசிங்கமாக இருக்கிறது என்றுதானே பலகை அடித்தாய்? தைரியம் இருந்தால் இல்லை என்று எழுது.

நீ டீமேக்கர். கொழுந்தை எவ்வளவு வாட்ட வேண்டும், எவ்வளவு சூட்டில் காயவைக்க வேண்டும், உள்ளங்கையில் அள்ளி மூக்கில் வைத்தால் ஈரம் மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறவன். ஈரம் இருக்கிற தூளைப் பெட்டியில் அடைத்தால் என்ன ஆகும் என்று உன்னைக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவாய். அப்படிப்பட்டவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற சுவரைப் பெட்டி மாதிரி அடைத்து மூடி, அதன் பக்கத்தில் தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டி வைத்திருக்கிறாய். படிப்பும் பதவியும் வீட்டு வாசலோடு நின்றுவிடுமா? இதை நினைத்தால் உன்னை நாலு அறை விடத் தோன்றுகிறது. ஆனால் அந்த முட்டாள்தனத்தை நீ படித்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து வாசி.

நம் தோட்டத்தில் நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். மலைக்குக் கொழுந்து வேலைக்குப் போகாமல் கட்டட வேலைக்குப் போனவன். பாஸ் என்று நாம் கூப்பிட்ட சிங்கள மேஸ்திரிக்கு எடுபிடியாகச் சேர்ந்து, சுண்ணாம்பு அடிக்கவும் டிஸ்டெம்பர் அடிக்கவும் கற்றுக்கொண்டேன். சுதந்திரம் வந்த வருஷம் நம் பழைய துரை போய்ப் புதுத் துரை வந்தார். துரைசாணிக்குச் சுவர் வெள்ளையாக இருந்தது பிடிக்கவில்லை. கப்பலில் சுருள் சுருளாகச் சுவர்க்காகிதம் வந்து இறங்கியது. கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் கலந்து பசை செய்வேன். தூக்குக்குண்டு பிடித்து நேர்க்கோடு போட்டு, ஒரு காகிதத்தில் இருக்கிற இலை அடுத்த காகிதத்தில் இருக்கிற காம்போடு சேருகிற மாதிரி ஒட்டுவேன். பாஸே கடைசியில் சுவர்க்காகித வேலையை என்னிடம் விட்டுவிட்டுக் கதவு ஜன்னலைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு மூட்டுக்கூடக் கண்ணுக்குத் தெரியாது. உன் ரோஜாப்பூவில் மூட்டு ஒவ்வொன்றும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த வேலை செய்த நாட்களில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பகல் முழுக்கப் பங்களாவில் நின்றுவிட்டுச் சாயங்காலம் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். நம் காம்பராச் சுவர் அம்மாவின் சுவர். வெள்ளை மண்ணைக் கரைத்து, சாணி சேர்த்து, பழந்துணியால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மழை விட்ட நாட்களுக்கும் மெழுகிக்கொண்டே இருப்பாள். கீழே ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் கரை. அடுப்புப் புகை படிந்து மேலே கறுத்திருக்கும். மழைக்காலத்தில் சுவர் நனைந்து நிறம் மாறும். இரண்டு நாள் வெயில் அடித்தால் மறுபடி வெளுத்துவிடும். கொம்பெனி கொடுக்கிற சுண்ணாம்பு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆஸ்பத்திரி ஐயா பார்வையிட வருகிற வாரமாகப் பார்த்து.

மல்லிகா பிறந்து நான்கு மாதம். உன் தங்கச்சி. பெண் பிள்ளை வேண்டும் என்று உன் அம்மா முனியாண்டிக்கு வேண்டிப் பெற்றவள். என் மகள் பங்களாச் சுவருக்குப் பக்கத்தில்தான் தூங்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. சுவர்க்காகிதத்துக்கு எங்கே போவது? ஸ்டோரில் கிழிந்த வெள்ளித்தாளும் உடைந்த பெட்டிப் பலகையும் குப்பையில் கிடக்கும். டீமேக்கர் ஐயாவைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அதில் ஒரு கணக்கும் இருந்தது. இந்தப் பலகையும் தாளும் சேர்ந்து தேயிலையைக் கடலில் எத்தனையோ நாள் ஈரம் படாமல் காப்பாற்றிச் சீமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தூளைக் காப்பாற்றுகிற பெட்டி என் பிள்ளையைக் காப்பாற்றாதா? இதுதான் என் புத்திசாலித்தனம். இந்த மலையில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு முட்டாள்தனம் தோன்றியிருக்காது.

உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். மண் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி, "செவரு தண்ணியக் குடிக்கும், வெயிலடிச்சா விட்டுரும். அதை மூடிட்டா அது எங்கங்க போகும்?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சாணி மெழுகுறவ, உனக்கு என்ன தெரியும்? இனிமே இந்தச் செவத்துல உன் கை படக்கூடாது" என்றேன். சட்டியை வாங்கி வெளியே வைத்தேன். அந்த வார்த்தையை நான் அவளுக்குச் சொன்ன மற்ற எல்லாக் கெட்ட வார்த்தைக்கும் மேலே வைக்கிறேன்.

ஒட்டி முடித்ததும் நம் காம்பராவே திருவிழாவாகிவிட்டது. அதைத்தான் நீ நினைவில் வைத்திருக்கிறாய். விளக்கை ஏற்றினால் அறை முழுக்க வெளிச்சம். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் அதே பேச்சு. பத்து லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். நீ காவல்காரன் மாதிரி வாசற்படியில் நின்றுகொண்டு, "காலைத் தொடச்சிட்டு வாங்க, காலைத் தொடச்சிட்டு வாங்க" என்று அதிகாரம் பண்ணினாய். மல்லிகா அந்தத் தாளில் கலங்கலாகத் தெரிகிற தன் முகத்தைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துச் சிரிக்கும். மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாகூட வந்து பார்த்து, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மாதம் என் கால் தரையில் படவில்லை.

பிறகு மழை பிடித்தது. வட்டவளை மழையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் தொடங்கினால் துணி காய்வது ஏது? காலையில் எழுந்தால் வெள்ளித்தாள் முழுக்க வியர்த்திருக்கும். நாலு பேர் மூச்சும் அடுப்பு ஆவியும் அந்தக் குளிர்ந்த தாளில் பட்டுத் தண்ணீராக வழியும். உன் அம்மா தினமும் துணியால் துடைப்பாள். "பாய் நனையுதுங்க" என்றாள். "தள்ளிப் போடு" என்றேன். பத்தடிக் காம்பராவில் எங்கே தள்ளிப் போடுவது? அந்த வாடை வந்தது. அழுக்குத் துணி வாடை என்றேன். அதற்கும் அவளையே திட்டினேன். சுவரைக் குறை சொன்னால் என் கைவேலையைக் குறை சொன்னதாக எனக்குப் படும். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன் அல்லவா?

மல்லிகாவுக்குச் சளி பிடித்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் இருந்த ஆயா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள், மூச்சு இழுக்கிறது என்று. தோட்டத்து மருந்து ஐயா சிரப் கொடுத்தார். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. எட்டு மாதம்கூட முடியவில்லை.

பிள்ளையைப் புதைத்துவிட்டுக் குழிமேட்டில் இருந்து திரும்பி வந்து எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு பெரியம்மா, "நல்லாத்தானே இருந்திச்சு புள்ள, எப்படிம்மா?" என்று கேட்டாள். உன் அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "ஈரத்துல கெடத்தியிருக்கா. பாயைத் தொட்டுப் பாக்கத் தெரியாதவளுக்கு எல்லாம் புள்ள எதுக்கு?" என்று. அத்தனை பேர் முன்னால். அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஏற்றுக்கொண்டாள். அன்று இரவில் இருந்து இன்று வரை அவள் புறங்கையால் படுக்கையைத் தொட்டுப் பார்க்காமல் படுத்ததில்லை, யாரையும் படுக்க விட்டதுமில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் இரவில் எத்தனை தடவை உன் பாயைத் தொட்டுப் பார்த்தாள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அம்மா மலைக்கு வேலைக்குப் போன அன்று நான் பலகையைக் கழற்றினேன். பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. புகைக் கறுப்பு இல்லை. தொட்டால் கையில் ஒட்டுகிற பூஞ்சணம், ரோமம் ரோமமாக. பலகையின் பின்பக்கமும் அதேதான். பிள்ளையின் தலை இருக்கும் இடத்தில்தான் அதிகம். பாஸ் ஏதோ சாமான் கேட்டு வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மிச்சப் பலகையைக் கழற்ற எனக்கு உதவினார். லயத்துக்குப் பின்னால் போட்டு எரித்தோம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து வெறுஞ்சுவரைப் பார்த்துத் தரையில் விழுந்து புரண்டு அழுதாய். உன்னை அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அடித்தது அன்று ஒரு நாள்தான். உன் அம்மாவிடம், "துரை எடுக்கச் சொல்லிட்டாரு, லயத்துச் செவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம்" என்று பொய் சொன்னேன். அவள் மறுபடி வெள்ளை மண் கரைத்து மெழுகினாள்.

சுவர்தான் பிள்ளையைக் கொன்றது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அந்த மழைக்கு வெறுஞ்சுவர்க் காம்பராவிலும் பிள்ளைகள் செத்தன. மருந்து ஐயா நெஞ்சுச் சளி என்றுதான் எழுதினார். அந்தச் சமாதானத்தை இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் என் கைக்குத் தெரியும். பாயை ஈரமாக்கியது உன் அம்மா இல்லை. நான்.

ஒரு விஷயம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. பங்களாவில் சுவர்க்காகிதம் ஒட்டுவதற்கு முன்னால் மூன்று வாரம் ஒவ்வொரு அறையிலும் நெருப்பு மூட்டிச் சுவரைக் காயவைத்தோம். ஒட்டிய பிறகும் மழை நாளெல்லாம் கணப்பு எரியும். விறகு வெட்டிக் கொடுக்க இரண்டு ஆள், சுமக்க இரண்டு ஆள், எல்லாரும் நம் லயத்து ஆட்கள். சுற்றிலும் விறாந்தை, சுவரில் ஒரு சொட்டு மழை படாது. நான் காகிதத்தைப் பார்த்தேன், கணப்பைப் பார்க்கவில்லை. அவர்களுடைய சுவருக்குக் கிடைத்த நெருப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. துரைக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பு இருந்ததா? கோபத்தைக் காட்டினது எல்லாம் பெண்சாதியிடம்தான்.

நீயும் இப்போது அதையே செய்கிறாய். பின்பக்கம் மண்ணை எடுத்துக் காண் வெட்டித் தரச் சொல்லித் துரையிடமோ பெரிய கிளாக்கரிடமோ கேட்க உனக்குக் கூச்சம். புதிசாக வந்தவன், குறை சொல்கிறவன் என்று பெயர் வந்துவிடும். அதனால் உள்பக்கம் பளபளப்பாக மூடிவிட்டு வருகிறவர்களிடம் பாராட்டு வாங்குகிறாய். கேள்! வாய் இருக்கிறது அல்லவா, போய்க் கேள். அவர்கள் செய்யவில்லை என்றால் நீயே மண்வெட்டியை எடு. டீமேக்கர் மண் வெட்டினால் கௌரவம் போய்விடாது. சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் ஓடுகிற மாதிரிக் காண் இறக்கு. உள்ளே பலகை, காகிதம், தாள் எல்லாவற்றையும் உரித்து எரித்துவிடு. நனைந்த பூச்சைச் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடு. ஜன்னலைத் திறந்து போட்டு, கரிச்சட்டி வைத்துக் காயவிடு. அந்த அறையில் அதுவரை சரோஜா படுக்கக் கூடாது. காய்ந்த பிறகு சுண்ணாம்பு. எண்ணெய்ப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கிளம்பினால் என் பெயரைச் சொல்லாதே. தொட்டில் கொக்கியை அறை நடுவுக்கு மாற்று.

அழகே வேண்டாம் என்று நான் சொல்கிறேனா? சுவரை அழகு பண்ணித்தான் நான் சோறு தின்றேன். முன்னறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் நன்றாகக் காய்ந்த சுவர், தட்டிப் பார்த்தேன். அதில் உன் ரோஜாப்பூவை ஒட்டு. ஆனால் நீ தொடாதே, நான் வந்து தூக்குக்குண்டு பிடித்து ஒட்டித் தருகிறேன். நீ என்னை வீட்டுக்குள் விட்டால்.

உன் மேல் எனக்கு இருக்கிற மிச்சக் கோபம் என்ன தெரியுமா? "நான் நல்லா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா" என்று கேட்டாயே, அது இல்லை. அதை நான் விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த எத்தனையோ நல்ல வேலை இருக்க, எனக்குப் பேர் வாங்கித் தர நீ அந்தச் சுவரைப் போய்த் தேர்ந்தெடுத்தாயே, அதுதான் ஆறவில்லை. அதற்கு நீ பொறுப்பு இல்லை என்றும் தெரிகிறது. உனக்கு நான் காட்டியது பளபளப்பை மட்டும்தான். பின்பக்கத்தை எரித்துவிட்டேன்.

இது வரைக்கும் நேற்று, புதன்கிழமையே எழுதி முடித்தேன். தபாலில் போடக் கிளம்பிச் செருப்பை மாட்டினேன். இதை உனக்குத் தெரியப்படுத்திவிட்டு உன் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்தால் நான் மறுபடி ஒருதரம் அதையே செய்கிறேன் என்று பட்டது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. இன்று காலை வேலைக்குப் போகாமல், அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் உட்கார்ந்து முதல் வரியில் இருந்து வாசித்துக் காட்டினேன். பதினாறு முடிந்து நான் பலகையைக் கழற்றிய இடம் வந்தபோது கல் பொறுக்குவதை நிறுத்தினாள்.

முடித்ததும் கேட்டாள், "எவ்வளவு ஒசரத்துக்குக் கறுத்திருந்திச்சு?"

தரையில் இருந்து ஒரு முழம் கையால் காட்டினேன்.

"நான்தான் அந்தப் பக்கமாத் தலையை வச்சுப் படுக்க வச்சேன். மூஞ்சியப் பாத்துச் சிரிக்கும்னு." அரிசியைத் தள்ளி வைத்துவிட்டு, "பாய் காலைல மட்டுந்தான் நனைஞ்சிருக்கும். படுக்க வைக்கும்போது காஞ்சிதான் இருந்திச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் தொட்டுப் பாத்தேன். தொட்டுப் பாக்கலைன்னு நீங்க சொல்லிச் சொல்லி எனக்கே அது மறந்து போச்சு" என்றாள்.

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம். சுண்ணாம்பை ஊற வைங்க. சனிக்கிழமை நான் தனியாப் போறேன். நீங்க வர வேணாம். அவன் பலகையைக் கழட்டலைன்னா நான் கழட்டுறேன்" என்றாள். சோறு ஆக்கினாள், வட்டிலில் போட்டு வைத்தாள், கூப்பிடவில்லை. அது சரிதான். பதினேழு வருஷத்துக்கு ஒரு நாள் போதாது.

வாசலில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. இப்போது மத்தியானம். அவள் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காம்பராவுக்குள் போனாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். பாயை உதறி விரித்தாள். புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை, மகனே. அப்படியே படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவள் உன் படியேறும்போது அந்தச் சுவர் வெறுஞ்சுவராக இருக்க வேண்டும்.

அப்பா